முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்: பட்டாளத்துக்காரர் நினைவுகளைப் பதிவு செய்யும் முறை

1971 போரில் 20 வயதுச் சிப்பாயாக இருந்தவருக்கு இன்றைக்கு 75-ஐ ஒட்டிய வயது. 1962-இல் சீன எல்லையில் நின்றவர் 80-ஐத் தாண்டியிருப்பார். சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி, எடப்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும், ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும்கூட, விசாரித்தால் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். பேரன் பேத்திகள் கையில் நல்ல போன் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பதிவுகள் பத்து நிமிடத்தில் படுத்துவிடுகின்றன.

காரணம் முதல் கேள்விதான். "அப்பாரு, போர்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு கதை வரும். அது பொய்யில்லை. ஆனால் பல வருடம் கேட்பவர்களுக்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டிய கதை. அது முடிந்ததும் "அவ்வளவுதான் சாமி" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். போர் நடந்தது சில வாரங்கள். 1971 போர் டிசம்பர் 3 முதல் 16 வரை, மொத்தம் இரண்டு வாரம். பயிற்சியோ மாதக்கணக்கில், ஒரே வேலையைத் தினம் தினம் செய்தது. அது கையிலும் காலிலும் தங்கியிருக்கிறது. பயிற்சி வழியாக உள்ளே போனால் போர் தானாக வந்து சேரும்.

ஆளைத் தேடுவது

சொந்த வீட்டில் இருந்தால் கவலையில்லை. வெளியே தேடுகிறவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முகவரிப் பட்டியல் கேட்டு நிற்க வேண்டாம். அதைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் தொடர்பு எண்ணோடு கொடுத்து, விருப்பமுள்ளவர்களிடம் சேர்க்கச் சொல்லுங்கள். நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்றுக்காக வங்கிக்கு வருவார்கள். டிசம்பர் 7 கொடி நாள். மிலிட்டரி கேன்டீன் வாசலில் ஒருவரைப் பிடித்தால் அவர் ஐந்து பேரைக் காட்டுவார். இன்னும் பலர் ஏடிஎம் வாசலிலும் ஜவுளிக்கடை வாசலிலும் செக்யூரிட்டி உடுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு டியூட்டி முடித்து வந்தவரைக் காலை ஏழு மணிக்குப் பேச உட்கார வைக்காதீர்கள். தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, மாலை நாலு மணி வாக்கில் போங்கள்.

"ஃபிரண்ட்ல சண்டை போட்டவர்தான் வேணும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லாரி ஓட்டியவர், லங்கரில் சமைத்தவர், கோவேறு கழுதையில் குண்டுப்பெட்டி ஏற்றியவர், பாலம் கட்டிய சேப்பர், ஒயர் இழுத்த சிக்னல்மேன், ஆஸ்பத்திரி ஆர்டர்லி இவர்களெல்லாம் "நான் என்னங்க பெருசா செஞ்சேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு கம்பெனிக்கு மலைமேல் சோறு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சமையல்காரரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

இடமும் நேரமும்

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீடு என்றால் முதல் எதிரி தறிச்சத்தம். காது அதைப் பழகித் தள்ளிவிடும், மைக் தள்ளாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கிற நாளைப் பேப்பரில் பார்த்து, அந்தப் பகலைக் கேட்டு வாங்குங்கள். தறியும் ஓடாது, பக்கத்து வீட்டு மிக்ஸியும் ஓடாது. ஃபேனும் ஓடாது என்பதால் மே மாதத்தில் இந்த யோசனை வேண்டாம், பெரியவர் வாடிவிடுவார். கோடையில் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். ஃபேன் ஓட்டியே தீர வேண்டுமென்றால் மேஜை விசிறியைத் தள்ளி வைத்து, காற்று மைக்கில் நேராகப் படாதபடி பக்கவாட்டில் திருப்புங்கள். மைக் மேல் பஞ்சு உறை கட்டாயம்.

ஏற்காட்டு மலையில் வேறு கதை. தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே பதிவு கெட்டது. அக்டோபர், நவம்பரை விட்டுவிடுங்கள். அதற்கடுத்த மாதங்களில் காபிப்பழம் பறிக்கிற வேலை, வீட்டில் ஆளிருக்காது. மே மாதக் கோடை விழாவில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நிற்கும். ஆகப் பிப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை தாண்டி உள்ளே போகிறவர்கள் சிக்னலை நம்பிப் போக வேண்டாம். பவர் பேங்க் இரண்டு, மெமரி கார்டில் போதிய இடம், கடைசி பஸ் நேரம் இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும். அவசரத்தில் முடித்த பேச்சை மறுபடி தொடங்குவது கஷ்டம்.

பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காது மந்தம். எந்தக் காது கேட்கும் என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பக்கம் உட்காருங்கள். கத்திக் கேட்டால் பதிலும் கத்தலாகத்தான் வரும், மனசு திறக்காது.

கருவி

போனே போதும். ஆனால் வாட்ஸ்அப் குரல் பதிவில் எடுக்காதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும். ரெக்கார்டர் செயலியில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்பி ஆகும். போனை ஃபிளைட் மோடில் போட மறந்து, நடுவில் வந்த அழைப்பால் பதிவு அறுந்துபோவது அடிக்கடி நடக்கிற தவறு. ஒயர் உள்ள காலர் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டைப் பட்டையில் மாட்டுங்கள். பாக்கெட் ஓரத்தில் மாட்டினால் கண்ணாடிக் கூடும் பேனாவும் உரசும். தோளில் துண்டு போட்டிருந்தால் அதைக் கேட்டு எடுத்து வைத்துவிடுங்கள். சத்தமாகப் பேசும்போது செயலியின் அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி. பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும், அதை எந்தச் செயலியாலும் ஒட்ட முடியாது.

இரண்டாவது போன் ஒன்றை ஒரு முழம் தள்ளி வைத்து அதிலும் ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் எடுத்து ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகுதான் ஆரம்பம். பேச்சுக்கு முன் தேதி, ஊர், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் நீங்களே சொல்லிப் பதியுங்கள். பத்து வருடம் கழித்துக் கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் அடையாளம் சொல்லும்.

வீடியோ வேண்டுமா என்றால், முதல் நாள் வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் பெரியவர் அட்டென்ஷனுக்குப் போய்விடுவார், பேச்சும் பரேட் மாதிரி ஆகிவிடும்.

பெட்டி

பட்டாளத்திலிருந்து வந்தவர் வீட்டில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும். பரணிலோ கட்டிலுக்கடியிலோ. மூடியில் வெள்ளைப் பெயின்டில் எண், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். பாதி உதிர்ந்திருந்தாலும் முதலில் அதைப் படம் எடுங்கள். பிறகு அவர் கையால் திறக்கச் சொல்லுங்கள். ரெக்கார்டர் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் மூடி திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் வருகிற பேச்சு பிறகு எத்தனை கேட்டாலும் வராது. ஒவ்வொரு அடுக்கையும் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

டிஸ்சார்ஜ் புக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, டிரேடு, பதக்கங்கள், நடத்தைக் குறிப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். இரண்டு எச்சரிக்கை. பிறந்த தேதி வாத்தியார் போட்டதாக இருக்கலாம், வீட்டில் சொல்கிற வயதோடு ஒத்துப்போகாது. பெயரும் அப்படித்தான். நம்மூர் இனிஷியல் முறை தெரியாத குமாஸ்தா அப்பா பெயரைப் பின்னால் சேர்த்திருப்பார், பழனிச்சாமியைப் பழனி, சாமி என்று இரண்டாக உடைத்திருப்பார். பின்னாளில் எந்த ஆவணத்தைத் தேடினாலும் பெயரை வைத்துத் தேடாமல் படை எண்ணை வைத்துத் தேடுங்கள். அந்த எண் ஆயுசுக்கும் ஒன்றுதான், நாயப் சுபேதாராக உயர்ந்தால் மட்டும் ஜே.சி. என்று தொடங்கும் புது எண் வரும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதக்கங்கள் பேசும், படிக்கத் தெரிந்தால். 1971-க்குக் கிழக்கில் களத்தில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடல் அப்போது பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது. 1965-க்கும் அதே கணக்கு. களத்துக்குச் சமர் சேவா ஸ்டார், பணிக்கு ரக்ஷா மெடல். 1999 கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் ஆபரேஷன் விஜய் மெடலும். ரிப்பன் வரிசையை ஒரு படம் எடுத்தால், அவர் எந்தத் திசையில் இருந்தார் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்து "ஸ்டார் இல்லையே, அப்ப நீங்க சண்டைக்கே போகலையா" என்று கேட்டுவிடாதீர்கள். அன்றோடு பதிவு முடிந்தது.

வட்டப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் புளி போட்டுத் தேய்ப்பதும் பிராஸோ போடுவதும் நம் வீடுகளில் வழக்கம். பத்து வருடம் தேய்த்தால் விளிம்பு எழுத்து மழுங்கிவிடும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். படம் எடுக்கும்போது பதக்கத்தைக் கிடத்தி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து மங்கிய எழுத்தும் தெரியும்.

சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கிறேன் என்று லேமினேஷன் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய சேதம். சூட்டில் மை மங்கும், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. ஏற்காட்டு ஈரத்தில் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு அப்படியே படம் எடுங்கள். ஒட்டாதவற்றுக்கு நடுவில் பிரியாணிக் கடை டிஷ்யூ மாதிரி மலிவான தாளை வைக்க வேண்டாம், சாயமில்லாத வெள்ளைத் தாள் வையுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ. போட்டோவின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, ஊர், யாருக்கு எழுதி அனுப்பினார் எல்லாம் பின்னால்தான் இருக்கும்.

கடிதங்களில் அவர் இருந்த ஊர் இருக்காது. முகவரி 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று மட்டும் இருக்கும், எதிரிக்கு இடம் தெரியக் கூடாது என்பதால். ஆனால் தபால் முத்திரையில் களத் தபால் நிலைய எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் தனியாகக் குறித்து வையுங்கள். நினைவில் குழம்பிய மாதத்தைப் பல சமயம் அந்த முத்திரைதான் தீர்த்துவைக்கும்.

பயிற்சியைக் கேட்பது

மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரியில் வெலிங்டனில். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் பெங்களூரில். இரண்டு பேரையும் பட்டாளத்தில் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் "நாங்க தம்பிங்க" என்று சொன்னால் எந்தத் தம்பி என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெலிங்டன்காரர் என்றால் இப்படித் தொடங்கலாம்: "மேட்டுப்பாளையத்துல இறங்கின பிறகு மலை ரயில்ல போனீங்களா, மிலிட்டரி லாரிலயா? கையில என்ன இருந்துச்சு? முடி வெட்டினது முதல் நாளா, மறுநாளா? குளிருக்கு என்ன குடுத்தாங்க?" ஒவ்வொன்றுக்கும் பதில் குறுகலாகத்தான் வரும். வரட்டும். நாலாவது பதிலில் உஸ்தாத் நுழைவார். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுத்தவர். அவர் பெயர், ஊர், அவர் திட்டிய வார்த்தை, கொடுத்த ரகடா (தண்டனைப் பயிற்சி) எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு மறப்பதில்லை.

கையைப் பேச விடுங்கள். ஒரு குடையையோ கைத்தடியையோ கொடுத்து "சலாமி சஸ்த்ர எப்படிங்க?" என்று கேளுங்கள், துப்பாக்கியைப் பிடித்து மரியாதை செலுத்தும் முறை அது. முட்டி வலிக்கிறவராக இருந்தால் உட்கார்ந்தபடியே. 303 ரைஃபிள்காரரிடம், பின்கட்டையின் பித்தளைத் தகட்டுக்குள் என்ன வைத்திருப்பார்கள் என்று கேட்டால், எண்ணெய்க் குப்பியும், குழலைச் சுத்தம் செய்யும் புல் த்ரூ கயிறும் என்பார். அடுத்து, கயிற்றில் கோர்க்கிற சிந்தித் துணி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்? விரலால் அளந்து காட்டுவார்: நாலங்குலம், இரண்டங்குலம். அதைக் குழல் வழியே ஒரே இழுவையில் இழுக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் என்ன தண்டனை? இங்கேதான் பேச்சு ஓட ஆரம்பிக்கும். துப்பாக்கி சுத்தம் செய்ததிலிருந்து நைட் டியூட்டிக்கும், அங்கிருந்து மோர்ச்சாவுக்கும் (பதுங்குகுழி), விடியற்காலை எல்லோரும் ஆயுதத்தோடு தயாராக நிற்கும் ஸ்டாண்ட் டு நேரத்துக்கும் அவரே போய்விடுவார்.

ஆயுதம் காலத்தைச் சரிபார்க்கவும் உதவும். 1962-இல் பெரும்பாலும் 303, மேகசினில் 10 குண்டு, ஐந்தைந்தாகக் கிளிப்பில் வைத்து அழுத்துவது, ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும். பிறகு வந்தது எஸ்எல்ஆர் துப்பாக்கி, 20 குண்டு, போல்ட் இழுக்கும் வேலையில்லை. இலங்கைக்குப் போனவர்கள் கையிலும் முதலில் எஸ்எல்ஆர்தான். இன்சாஸ் துப்பாக்கி பரவலானது 1990-களின் கடைசியில். 1962 பேச்சில் எஸ்எல்ஆர் வந்தால் இரண்டு காலம் கலந்துவிட்டது என்று அர்த்தம். உடனே திருத்தாதீர்கள். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, கடைசியில் "அந்த துப்பாக்கி எப்பங்க கைக்கு வந்துச்சு?" என்று வேறு வழியாகக் கேளுங்கள்.

மணல் தட்டு

களத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பேச்சு "இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நாங்க" என்று கை அசைவாகிவிடும். ஒலிப்பதிவில் அது வெறும் காற்று. பட்டாளத்தில் தாக்குதலுக்கு முன் மணலில் மாதிரி செய்துதான் ஆர்டர் சொல்வார்கள். அதையே வீட்டில் செய்யலாம். பெரிய தாம்பாளத்தில் இரண்டங்குலத்துக்குச் சலித்த மணல், லேசாகத் தண்ணீர் தெளித்தது. பங்கருக்குத் தீப்பெட்டி, ஓடைக்கு நீல நூல், பாதைக்குக் கோலமாவு, ஆட்களுக்குப் புளியங்கொட்டை. தாம்பாளத்தின் விளிம்பில் வடக்கு எது என்று முதலிலேயே அவரிடம் கேட்டு ஒரு குச்சியை நட்டுவிடுங்கள்.

ஒரு செக்ஷனுக்கு 10 பேர். பத்துக் கொட்டையை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்து, "உங்க செக்ஷன் ஆளுங்களை வையுங்க, வைக்கும்போது பேர் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். செக்ஷன் கமாண்டர் எங்கே, எல்எம்ஜி என்ற இயந்திரத் துப்பாக்கிக்காரர் எந்த ஓரத்தில் என்று இடம் வரும்போது பெயரும் கூடவே வரும். சில கொட்டைகளை வைப்பதற்கு முன் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருப்பார். அவசரப்படுத்தாதீர்கள். பத்து வரை மனசுக்குள் எண்ணுங்கள், தேவைப்பட்டால் மறுபடி எண்ணுங்கள். பதிவில் அந்த அமைதியும் இருக்கட்டும். எல்லாம் வைத்து முடித்ததும் நேர் மேலிருந்து ஒரு படம், அவர் உட்கார்ந்த உயரத்திலிருந்து ஒரு படம். பிறகு நகர்ந்த விதத்தைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம்.

இறந்துபோன நண்பர்களின் பெயர் இப்படித்தான் வெளியே வரும். டில்லி தேசியப் போர் நினைவிடத்தில், 2019-இல் திறந்தது, சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயரின் எழுத்துக்கூட்டலையும் யூனிட்டையும் அங்கே சரிபார்க்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இருக்கிறது.

தேதி குழம்பினால்

"அது எந்த வருஷம்?" என்று கேட்பதில் பயனில்லை. நம்மவர்களுக்கு வருடம் சாவிலும் புயலிலும்தான் நிற்கிறது. "நேரு செத்தப்ப எங்க இருந்தீங்க?" 1964 மே. "தனுஷ்கோடி புயல்?" அதே வருடம் டிசம்பர். சாஸ்திரி 1966 ஜனவரி, அண்ணா 1969 பிப்ரவரி, காமராஜர் 1975 அக்டோபர், இந்திரா காந்தி 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர். "சேதி எப்படித் தெரிஞ்சுது, ரேடியோலயா?" என்று கூடவே கேட்டால் இடமும் வந்துவிடும். தமிழ் மாதம் சொன்னாலும் பிடிக்கலாம். 1962 போருக்கு நடுவில் தீபாவளி வந்தது. 1965 செப்டம்பர்ச் சண்டை ஆவணிக் கடைசியும் புரட்டாசித் தொடக்கமும். 1971-இல் டாக்காவில் சரணடைந்தது மார்கழி பிறக்கிற சமயம்.

ஊர்ப் பெயர் இன்னொரு கண்ணி. ஜம்மு எல்லைப் பக்கம் "சம்ப்" என்ற களம் 1965-இலும் 1971-இலும் உண்டு. அது காதில் ஜம்மு என்று விழும், எழுதும்போது சம்பா ஆகிவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் என்ன ஆறு, எந்த ரயில் நிலையத்தில் இறங்கினீர்கள் என்று கேட்டு வரைபடத்தில் பாருங்கள். ரேங்கும் அப்படியே. ஓய்வு பெறும்போது சுபேதாராக இருந்தவர் போரின்போது லான்ஸ் நாயக்காக இருந்திருப்பார். 1965-க்கு முன் நாயப் சுபேதார் என்ற பெயரே இல்லை, ஜமேதார்தான்.

இலங்கை

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படையில் இலங்கையில் இருந்தவர்களின் பேச்சைத் தனி நாளுக்கு வையுங்கள். தமிழ் பேசும் படைவீரர் தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்ற கதை அது. பலர் மொழிபெயர்க்கவும் அழைக்கப்பட்டார்கள். ஒரு வீட்டுக்குள் போய் "வெளிய வாங்கம்மா" என்று தன் பாஷையிலேயே சொல்ல நேர்ந்தவருக்கு, அதைத் தன் பேரன் முன்னால் சொல்வது சுலபமில்லை. திரும்பி வந்தபோது சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அந்த வருத்தம் சிலரிடம் முதலில் வரும், சிலர் அது சரிதான் என்பார்கள். இரண்டுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், வாதம் வேண்டாம். அறையில் அக்கம்பக்கத்தார், கட்சிக்காரச் சொந்தம் யாரும் இருக்கக் கூடாது. "இதை என் காலத்துக்கு அப்புறம் வெளிய விடு" என்று சொன்னால் அந்த வாக்கியத்தையும் பதிவிலேயே வையுங்கள், அப்படியே செய்யுங்கள்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று எந்தப் போரைப் பற்றியும் கேட்காதீர்கள். கண் கலங்கினால் ரெக்கார்டரைத் தானாக அணைக்க வேண்டாம், "நிறுத்தட்டுங்களா ஐயா?" என்று கேளுங்கள். முடித்த உடனே கிளம்பிவிடாதீர்கள். டீ குடித்து, மழை, பயிர், பேரப்பிள்ளை படிப்பு என்று அரை மணி நேரம் வேறு பேசிவிட்டு எழுந்திருங்கள். இரவில் தூக்கமில்லை, கனவு வருகிறது என்று வீட்டார் சொன்னால் அடுத்த அமர்வைத் தள்ளிப்போடுங்கள். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டம்மாவிடம் தனியாக ஒரு மணி நேரம். கணவர் பக்கத்தில் இருந்தால் "அவரைக் கேளுங்க" என்பார். தனியாக என்றால் மணியார்டர் எந்தத் தேதிக்கு வரும், போர்க் காலத்தில் தபால் எத்தனை நாள் நின்றது, தந்திக்காரர் தெருவில் நுழைந்தால் எந்த வீட்டுக் கதவு சாத்தும் என்பதெல்லாம் வரும். சுட்டியில் (விடுப்பில்) வந்தவர் குழந்தைக்கு அடையாளம் தெரியாமல் போனதும்.

ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம், அதற்கு மேல் இழுத்தால் பெயர்கள் குழம்பும். மூன்று அமர்வு வையுங்கள், நடுவில் நாலைந்து நாள் இடைவெளி. இடைவெளியில்தான் மறந்தது நினைவுக்கு வரும். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துவிட்டு வாருங்கள்.

எழுத்தாக்குவது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்கள். குரலைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் பட்டாளத் தமிழில் தடுமாறும், ஏனென்றால் அது பாதி இந்தி. "சுட்டிக்கு வந்தேன்" என்றால் விடுப்பில் வந்தேன் என்று பொருள், குறும்புப் பிள்ளை இல்லை. பிட்டு என்பது முதுகுப்பை, தின்பண்டமில்லை. மோர்ச்சா மோராகிவிடும். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், பீச்சே முட், பல்டன், பரா கானா, கசம் பரேட் எல்லாவற்றையும் சொன்னபடியே தமிழெழுத்தில் எழுதி, கடைசியில் ஒரு பக்கத்துக்குப் பொருள் கொடுங்கள். நல்ல தமிழாக மாற்றுகிறேன் என்று "கவன நிலை", "ஓய்வு நிலை" என்று போட்டால் அது அவர் குரலாக இருக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தில் நேரக்குறி போடுங்கள்.

ஒப்புதலை முதல் நாளே அரைப் பக்கத் தமிழில் வாங்கிவிடுங்கள். நாலு வரி போதும்: என் பேச்சைப் பதிவு செய்யச் சம்மதிக்கிறேன், எந்தப் பகுதியையும் நீக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, குடும்பத்துக்குள் மட்டுமா பொதுவில் வைக்கலாமா என்பதைப் பதிவை நான் கேட்டுப் பார்த்தபின் சொல்வேன், ஒரு பிரதி எனக்குத் தர வேண்டும். இன்றைக்கும் பயனில் உள்ள முகாம், சங்கேதம், கருவி பற்றிய பேச்சு வந்தால் பொதுப் பிரதியில் சேர்க்காதீர்கள். 1923-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் பிடிக்கும். படை எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, ஆதார், வீட்டு முகவரி ஐந்தும் வெளியே போகும் படங்களில் தெரியவே கூடாது. டிஸ்சார்ஜ் புக்கைப் பெருமையாக முகநூலில் போட்டு, இரண்டே நாளில் "பென்ஷன் ஆபீஸ்லருந்து பேசறோம்" என்று திருடன் கூப்பிடுவது சர்வசாதாரணம்.

கோப்புகள் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பென்டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்.

பெரியவருக்குப் பென்டிரைவ் எதற்கு? 14 புள்ளி எழுத்தில் அச்சிட்டு, ஒரு பக்கம் மட்டும், வலது ஓரத்தில் இரண்டங்குலம் வெற்றிடம் விட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, சிவப்புப் பேனாவோடு கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய் வாங்குங்கள். முதல் திருத்தம் பெரும்பாலும் வேறொருவருடைய ரேங்கில்தான் இருக்கும். "அவன் நாயக் இல்ல, ஹவில்தார்" என்று சொல்லிவிட்டு அந்த ஹவில்தாரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதனால் திருத்தம் வாங்கப் போகும்போதும் மைக்கும் முழு சார்ஜ் ஏற்றிய போனும் பையில் இருக்கட்டும்.